பூஜையில் உட்கார்ந்த தண்ணீர்ப் பம்பு

கோலா தெர்லாவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவரிடம் அந்தத் தொட்டியை வாங்கினோம். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி. சுற்றிலும் கம்பிக் கூண்டு. பூச்சிமருந்தோ உரமோ ஏற்றிய தொட்டி என்றால் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார். குனிந்து முகர்ந்தால் சோயா சாஸ் வாசனை. சாஸ் காய்ச்சும் ஏதோ ஒரு இடத்திலிருந்து வந்த தொட்டி.

பக்கத்து வீட்டு அண்ணன் காய்கறி லாரி ஓட்டுபவர். காலியாகத் திரும்பும் லாரியில் தொட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் எஸ்டேட் லைனுக்கு ஏறும் கடைசி வளைவில் லாரி திரும்பாது. அங்கே இறக்கி, அவரும் நானும் என் தங்கை கணவருமாகப் புரட்டிப் புரட்டி மேலே கொண்டு போனோம். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்கள். என் தங்கை பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

"மீன் வர்றதுக்கு முன்னாடியே சாஸ் வந்துருச்சு. இனி சட்டி ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

கோலாலம்பூரில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, மலை மேல் தங்கை வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த சமயம் அது. தங்கை எஸ்டேட்டில், சுற்றுலாப் பயணிகளுக்குத் தேயிலைப் பொட்டலம் விற்கும் கடையில் வேலை செய்கிறாள். அந்த வேலைக்காகக் கிடைத்ததுதான் வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லைன் வீடு. அவள் கணவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவர் எஸ்டேட் ஆள் இல்லை. லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்தில் மருந்தடிப்பவர். காலையில் மோட்டார் சைக்கிளில் கீழே இறங்கினால், மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பதுதான் வேலை. இடது கை நெம்புகோலை ஏற்றி இறக்கும். வலது கை குழாயை வீசும். பதினான்கு வருடமாக இப்படி.

நான் போனபோது அவர் கைத்தோல் உரிந்திருந்தது. படி ஏறினால் இளைப்பு. தானா ராத்தாவில் பார்த்த டாக்டர், இனி மருந்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். தோட்டத்துத் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர், நல்ல மனிதர். தீபாவளி வரைக்கும் ஓய்வெடு, உன் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். மருந்தடிக்க உடம்பு இடம் கொடுக்காவிட்டால் கொட்டகையில் காய் தரம் பிரிக்கும் வேலை இருக்கிறது என்றும் சொன்னார். கொட்டகையில் எல்லாரும் பெண்கள். வட்டமாக உட்கார்ந்து கோபிஸ் என்கிற முட்டைக்கோஸின் வெளி இலையை உரித்துக் கூடையில் அடுக்குவார்கள். மாப்பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"எலை உரிக்கவா நான் இருக்கேன்? அதுக்கு மருந்தே அடிச்சிட்டுப் போறேன்."

"போங்க. போயி அந்தக் கோபிஸ் பாத்தியிலயே படுத்துக்குங்க" என்றாள் தங்கை. அதற்குமேல் அவள் பேசவில்லை. அவள் பேச்சைக் குறைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

தொட்டியின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எதையோ தேடிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. கீழே தொட்டியில் மீன், மேலே கூழாங்கல் படுக்கையில் கீரை. மண் இல்லை, உரம் இல்லை, மருந்து அறவே இல்லை. மாப்பிள்ளையிடம் காட்டினேன். கைப்பேசியை வாங்கியவர் அன்று மாலை முழுக்கத் திருப்பித் தரவில்லை. தீபாவளிக்குள் இதை ஒரு தொழிலாக்கிவிட்டால் மருந்தடிக்கப் போக மாட்டேன், முடியாவிட்டால் போவேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வீடியோவைக் காட்டியவன் நான்.

வீட்டுப் பின்புறம் பத்தடி அகலச் சமதளம். அதற்கப்பால் தேயிலை. இடம் எஸ்டேட்டுடையது என்பதால் மேலாளரான துரையிடம் கேட்க வேண்டும். இப்போதைய துரை முப்பது வயதுகூட நிரம்பாதவர். டி-ஷர்ட்டும் ஓடுகிற காலணியும் போட்டுக்கொண்டு வருவார். பட்டம் மட்டும் பழையது. வந்து தொட்டியைச் சுற்றி நடந்து, கொசு வந்தால் எடுத்துவிட வேண்டும் என்றார்.

"மீனு கொசுப் புழுவத் தின்னுரும் தொர" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப மீன் சீக்கிரம் வரட்டும்" என்றார் துரை. ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் அனுமதி.

இந்த முறையின் அடிப்படை எளிது. மீன் கழிவு தண்ணீரில் சேர்ந்தால் விஷம். பம்பு அந்தத் தண்ணீரை மேலே கல் படுக்கைக்கு ஏற்றுகிறது. கல்லில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் விஷத்தைச் செடிக்கு உணவாக மாற்றுகின்றன. செடி அதை எடுத்துக்கொள்ள, சுத்தமான தண்ணீர் கீழே மீனிடம் திரும்பி விழுகிறது. விழும்போது காற்றையும் சேர்த்துக்கொண்டு போகிறது. பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. வீடியோவில் வந்தவரும் அதைச் சொன்னார். அவர் சொன்ன பல விஷயங்களில் ஒன்றாகச் சொன்னார்.

தொட்டியின் மேல் பகுதியை அறுத்துக் கவிழ்த்துக் கல் படுக்கையாக்கினோம். அறுத்தவர் லாரி அண்ணன். கோடு நேராக வரவில்லை, சாய்ந்துவிட்டது. கல்லைக் கழுவத்தான் அதிக நேரம் பிடித்தது. எத்தனை முறை அலசினாலும் பால் டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. தங்கை வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, இதை நம் கடையில் ஊற்றிக் கொடுத்தால் சுற்றுலாப் பயணிகள் குடித்துவிடுவார்கள் என்றாள்.

படுக்கையில் தண்ணீர் நிறைந்ததும் தானாக வடிய வேண்டும்; அதற்குக் குழாய்க்கு மேல் இன்னொரு குழாயைக் கவிழ்த்து ஓர் அமைப்பு. ஒன்று வடியவே வடியாது, அல்லது நிறையவே நிறையாது. குழாயை வெட்டுவதும் ஒட்டுவதுமாக ஒரு வாரம் போனது. ஒரு நாள் மதியம் தானாகச் சரியானது. ஏன் சரியானது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. கடகடவென்று உறிஞ்சிக்கொண்டு கழிவறையில் தண்ணீர் திறந்துவிட்டது போன்ற சத்தத்துடன் வடிந்தது. கால் மணிக்கு ஒரு தடவை அதே சத்தம்.

லாரி அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "என்னப்பா, உங்க வீட்ல யாருக்காவது வயிறு சரியில்லையா?"

"மச்சானுக்குத்தான்" என்றார் மாப்பிள்ளை. "டவுன் சாப்பாட்டுல வளந்த உடம்பு லா."

மீனுக்கு ஈப்போ பக்கம் இறங்கினோம். திலாப்பியா குஞ்சு. விற்றவர் தாராளமாக அள்ளிப் போட்டார்; வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஏசி இல்லாத என் காரில் பிளாஸ்டிக் பைகளை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினோம். தொட்டியில் விட்டதும் எல்லாம் அடியில் போய் ஒரே மூலையில் குவிந்தன. தீனி போட்டால் தொடவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. கையை விட்டுப் பார்த்த மாப்பிள்ளை உதறிக்கொண்டு எடுத்தார். கீழ்நாட்டு மீன். இந்தக் குளிரில் அதற்குப் பசிக்காது என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

"கம்பளி போத்தி விடுங்க" என்றாள் தங்கை.

கிண்டலாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை அதை அப்படியே செய்தார். பழைய மெத்தையின் பஞ்சைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினார். மேலே இந்த ஊர்த் தோட்டங்களில் எங்கும் இருக்கும் பிளாஸ்டிக் கூரை. வெயில் அடித்த மூன்றாம் நாள் ஒரு மீன் மேலே வந்து ஒரு உருண்டையைக் கவ்வியது. மாப்பிள்ளை என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அதற்குள் அது அடியில் போய்விட்டது. இருவரும் நின்று காத்திருந்தோம். வரவில்லை.

நுண்ணுயிர் வளரும் வரைக்கும் தினமும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சிறு குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். பச்சை என்றால் விஷம் அதிகம், மஞ்சள் என்றால் நலம். மாப்பிள்ளை குப்பியைப் பகல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, இது மஞ்சளா பச்சையா என்று ஒவ்வொருவராகக் கேட்பார். தங்கை எப்போதும் மஞ்சள் என்பாள். லாரி அண்ணன் எப்போதும் பச்சை என்பார். பல வாரம் கழித்து இருவரும் மஞ்சள் என்ற நாளில் சாலட் கீரை நாற்றை நட்டோம்.

கீரை வந்தது. பின்னாலேயே புழுவும் வந்தது.

தோட்டத்தில் மாப்பிள்ளைக்கு இது ஒரு விஷயமே இல்லை. மருந்தைக் கலந்தோமா, அடித்தோமா என்று முடிந்துவிடும். இங்கே அடிக்க முடியாது. இலையில் விழுவது கல்லில் இறங்கி மீனுக்குப் போகும். முதல் புழுவைப் பார்த்த காலையில் அவர் இடது கை இடுப்புக்கருகே தானாக ஏறி இறங்கியதைக் கவனித்தேன். நெம்புகோல் இல்லாத இடத்தில் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் புழுவை விரலால் எடுத்து மீனுக்குப் போட்டார். மீன்கள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. அதற்குப் பிறகு அவருக்குப் புழு பொறுக்குவது பிடித்துவிட்டது. மீனுக்குப் பலகாரம் என்று சொல்லிக்கொண்டு அதிகாலையில் போய்விடுவார்.

முதல் அறுவடையில் பாதியைத் தங்கை சாம்பாரில் போட்டாள். சாலட் கீரையை அப்படிச் செய்யக் கூடாது என்று நான் சொன்னதற்கு, கீரை என்று பேர் இருக்கிறதே என்றாள். மீதியை மாப்பிள்ளை தானா ராத்தாவில், கொதிக்கும் சூப்பில் கீரை போட்டுச் சாப்பிடும் ஸ்டீம்போட் கடை நடத்தும் ஓர் அம்மாவிடம் கொண்டு போனார். மருந்தடிக்காத கீரை என்றால் எடுத்துக்கொள்வதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். நானும் கூடப் போனேன். அவர் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று, தலையசைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு கூடையை எடுத்து வந்து காட்டினார். தினமும் இந்தக் கூடை நிறைய வேண்டும் என்றார்.

அந்தக் கூடைக்குள் எங்கள் மொத்தப் படுக்கையையும் கல்லோடு சேர்த்துக் கொட்டினாலும் நிறையாது.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை மோட்டாரை மெதுவாக ஓட்டினார். "இன்னும் ஒரு ஆறு தொட்டி வெச்சா முடியும் மச்சான்" என்றார் பாதி வழியில். சமதளம் பத்தடிதான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். துரையிடம் கேட்கலாம் என்றேன். தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் மருந்து டாங்கியை வீட்டுச் சாய்ப்பிலிருந்து எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். தங்கை கடையிலிருந்து வந்து அதைப் பார்த்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

ஆயுத பூஜைக்காகக் கழுவியதாக அவர் பிறகு சொன்னார். அது பொய்யில்லை. அந்த வாரம்தான் ஆயுத பூஜை.

எஸ்டேட்டில் அன்று தேயிலை ஆலையின் இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். வாசலில் வாழைக் கன்று, உருளைகளுக்குச் சந்தனம், எலுமிச்சம்பழம். லாரிக்கும் மோட்டாருக்கும் மாலை. லைனில் ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் கருவி பலகை மேல் ஏறும். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடுவதில்லை; வருடம் முழுக்க உழைத்ததற்கு ஒரு நாள் ஓய்வு. இதில் மாப்பிள்ளை கண்டிப்பானவர். ஒரு வருடம் பூஜையன்று யாரோ அவருடைய பாராங்கத்தியை எடுத்துத் தேங்காய் சீவியதற்கு ஒரு மாதம் அந்த ஆளோடு பேசவில்லையாம்.

காலையில் பலகை நிறைந்துவிட்டது. பாராங்கத்தி, ஸ்பேனர்கள், மருந்து டாங்கி, தங்கையின் தேங்காய்த் துருவி, மிக்சி, என் மடிக்கணினி. மடிக்கணினியின் மூடியில் தங்கை சந்தனப் பொட்டை நடுவில் சரியாக வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில், துணி விரித்து, தண்ணீர்ப் பம்பு. மாப்பிள்ளை அதைத் தொட்டியிலிருந்து எடுத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டி, துடைத்து, ஒயரைச் சுருட்டி வைத்திருந்தார். மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமம், ஒரு சாமந்திப் பூ.

"ராப்பகலா ஓடுது மச்சான், ஒரு நாள் லீவு எடுக்கல" என்றார். "இன்னிக்கு உக்காரட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. சூடம் காட்டினோம், தேங்காய் உடைத்தோம், பொரியும் சுண்டலும் லைன் முழுக்கக் கைமாறின. பின்கட்டில் கால் மணிக்கு ஒரு தடவை வரும் சத்தம் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. லாரி அண்ணன் மட்டும், இன்றைக்கு வயிறு சரியாகிவிட்டது போலிருக்கிறது என்றார். எல்லாரும் சிரித்தோம்.

நாலு மணி வாக்கில் தங்கை பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கூப்பிட்டாள். குரலில் அவசரம் இல்லை.

"ஏங்க. மீனு எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. பொரி கேக்குதா?"

மாப்பிள்ளை சுண்டல் தட்டோடு எழுந்து போனார். பின்னாலேயே நான். தொட்டியின் மேல்மட்டம் முழுக்க வாய்கள். ஒன்றும் அசையவில்லை, வாய் மட்டும் அசைந்தது. ஓரமாக ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அவர் தட்டைக் கீழே வைத்தார். கல் படுக்கைக் குழாயைப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. திரும்பி, கதவு வழியாக உள்ளே பலகையைப் பார்த்தார். பம்பு அங்கே பூவோடு உட்கார்ந்திருந்தது.

அவர் உள்ளே போகவில்லை. வாளியை எடுத்தார். தொட்டித் தண்ணீரை முகந்து, கை எட்டும் உயரத்துக்குத் தூக்கி, திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினார். விழும் தண்ணீர் காற்றைக் கொண்டு போகும். நான் இன்னொரு வாளியை எடுத்தேன். தங்கை சோற்றுச் சட்டியை எடுத்தாள். மூன்று பேரும் ஊற்றினோம். வாய்கள் குறைந்த மாதிரி தெரிந்தது. கொஞ்சம் நின்று பார்த்தால் மறுபடி வந்தன.

சத்தம் கேட்டு லாரி அண்ணன் வேலியைத் தாண்டி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். உள்ளே போய், பலகையிலிருந்து மருந்து டாங்கியை எடுத்து, குழாயடியில் தண்ணீர் நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது என்பது அவருக்கு நினைவே இல்லை.

"இதுல அடிச்சா பூந்தூறலாட்டம் விழும். காத்து நல்லா எறங்கும். தள்ளு" என்று குழாயைத் தொட்டியை நோக்கி நீட்டினார்.

மாப்பிள்ளை வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து குழாயின் முனையைக் கையால் பொத்தினார்.

"அடிக்காதீங்கண்ணே. வேணாம்."

"நீதான் கழுவி வெச்சிருக்கியே லா."

"எத்தன தடவ கழுவினாலும் உள்ள இருக்கும்ணே. ஒரு சொட்டு போதும். அத்தனையும் மெதந்துரும்."

லாரி அண்ணன் டாங்கியை மெல்லத் தோளிலிருந்து இறக்கினார். தங்கை சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு சொட்டா?" என்றாள். "நீங்க முதுகுல சுமந்தீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை கேட்பவர்களிடம் விலை சொல்கிற குரல். மாப்பிள்ளை போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், முழங்கை வரைக்கும். திரும்பி வந்து வாளியை எடுத்தார். நாலைந்து தடவை ஊற்றியிருப்பார். மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். தோள் ஏறி இறங்கியது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். எனக்கும் கை விட்டுப்போயிருந்தது.

லாரி அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஆயுத பூஜைன்னா ஆஸ்பத்திரில ஆக்சிஜன் மெஷின நிறுத்திருவாங்களா லா?"

மாப்பிள்ளை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், முகத்தில் தெரிந்தது.

"பொட்டு வெச்சிட்டு ஓட விடுவாங்க" என்றார்.

"பொட்டுதான் வெச்சாச்சே" என்றாள் தங்கை.

அவர் எழுந்து உள்ளே போனார். பலகையின் முன் கொஞ்ச நேரம் நின்றார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சாமந்திப் பூவை எடுத்துச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டுப் பம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தண்ணீருக்குள் இறக்கியதும் குங்குமம் கரைந்து சிவப்பாக ஒரு கோடு கிளம்பி, கலைந்து போனது. சுவிட்சைப் போட்டதும் கூழாங்கல்லின் மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வழக்கமான கடகட சத்தத்துடன் வடிந்தது. வாய்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. இருட்டுவதற்குள் மேல்மட்டம் காலியாகிவிட்டது.

காலையில் சில மீன்கள் செத்து மிதந்தன. பெரியவைதான் அதிகம். பொரித்துவிடலாமா என்று லாரி அண்ணன் கேட்டார். தங்கை முறைத்ததும், சும்மா கேட்டேன் என்றார். தேயிலை வரிசை ஓரம் குழி தோண்டிப் புதைத்தோம். மற்றவை தீனி தின்றன.

அன்று விஜயதசமி. பூஜையில் வைத்த கருவிகளை எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். மாப்பிள்ளை பாராங்கத்தியால் இரண்டு கிளை வெட்டினார். ஸ்பேனரால் மோட்டாரில் எதையோ இறுக்கினார். நான் மடிக்கணினியைத் திறந்து ஒரு வரி அடித்தேன். தங்கை தேங்காய் துருவினாள். மருந்து டாங்கியை அவர் தொடவில்லை. மழைக்கு நனையாமல் அதைச் சாய்ப்பின் கடைசி மூலையில் தங்கைதான் கொண்டு போய் வைத்தாள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். தவுக்கேயைக் கூப்பிட்டார். இருவரும் பேசியது மலாய். சமையலறையில் இருந்த எனக்கும் தங்கைக்கும் கேட்கும்படி தவுக்கேயின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. தீபாவளிக்கு முன்பே வேலைக்கு வருகிறேன் என்றார் மாப்பிள்ளை. தங்கை தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள். டாங்கி எடுக்க மாட்டேன், கொட்டகையில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

மறுமுனையில் தவுக்கே சிரித்தார். கொட்டகை முழுக்கப் பெண்கள். நாள் பூராவும் உன்னைக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள், தாங்குவாயா என்று கேட்டார்.

"வீட்லயே பழகிட்டேன் தவுக்கே" என்றார் மாப்பிள்ளை.

தங்கை குழாயைத் திறந்து, மீதித் தட்டையும் கழுவினாள்.